கப்பல் கட்டில்

பொடி கண் விழித்தபோது தலைக்கு அடியில் தலையணை இருந்தது, தலையணைக்கு உறை இல்லை. தூங்குகிறவளின் தலையை எழுப்பாமல் உறையை மட்டும் உருவி எடுக்கிற கை இந்த உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அந்தக் கைக்குச் சொந்தக்காரி படுக்கையின் கால்மாட்டில் நின்று, போர்வையின் இரண்டு முனைகளையும் பிடித்து உதறிக்கொண்டிருந்தாள்.

"எழுந்திருடி. ஓரம் மடிக்கணும்."

"அக்கா, நாம லீவுல வந்திருக்கோம்."

"வந்தா? இப்படிக் கலைஞ்சு கெடக்கற கட்டிலைப் பார்த்துட்டு எப்படிடி வெளிய கால் எடுத்து வைக்கிறது?"

குளியலறையிலிருந்து ரேடியோவின் குரல் வந்தது. "கண்ணாடி துடைச்சாச்சு, குழாய் துடைச்சாச்சு. இங்க சோப்பு வைக்கிறவ யாருன்னு தெரியல, எல்லாத்தையும் கோணலா வெச்சுட்டுப் போயிருக்கா. புருஷனோட சண்டை போட்டுட்டு வந்திருப்பா போல."

மூன்று பேரும் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்பவர்கள். ஒரே மாடி, ஒரே தள்ளுவண்டி, ஒரே சாப்பாட்டு மேசை. வயதில் மூத்தவள் எல்லோருக்கும் அக்கா. வாய் மூடாதவளுக்கு ரேடியோ என்ற பெயரைச் சலவைக்கூடத்துக்காரர்கள் வைத்தார்கள். கடைசியாக வந்து சேர்ந்தவள் மெத்தையைத் தூக்க வேண்டுமானால் அதைக் கட்டிப்பிடித்துத்தான் தூக்க வேண்டும், அவ்வளவு உயரம். அதனால் பொடி. மூவருக்கும் ஒரே சமயத்தில் லீவு கிடைத்தது இதுதான் முதல்தடவை. அதனால்தான் இந்தப் பொழுதுபோக்குப் பூங்கா, பூங்காவுக்குள்ளேயே இருக்கிற இந்த ஹோட்டல், இரண்டு இரவுகள்.

லீவு கொடுத்தது அவர்களுடைய சூப்பர்வைசர். மூவரும் அவளை 'விரல்' என்றுதான் சொல்வார்கள். வேலை முடிந்த அறைக்குள் அவள் வருவாள். பேச மாட்டாள். கட்டிலின் தலைப்பலகை மேல் ஆள்காட்டி விரலை ஓட்டுவாள், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். அந்த ஒரு கணத்தில் மூன்று பேருக்கும் மூச்சு நின்றுவிடும். மதியம் சாப்பாட்டு மேசையில் ரேடியோ அதை நடித்துக் காட்டுவாள். உப்பு ஜாடி மேல் விரலை ஓட்டி, கண்ணைச் சுருக்கி, உதட்டைப் பிதுக்கி அவள் பார்க்கிற பார்வையில் அக்காவுக்குப் புரை ஏறிவிடும். வருஷக்கணக்காக அதே நடிப்பு, அதே சிரிப்பு, அலுத்ததே இல்லை.

விரல் வேறு கிளைக்கு மாறிப் போகிறாள். இது எல்லோருக்கும் தெரியும். திங்கட்கிழமையிலிருந்து அந்த இடத்துக்கு வரப்போவது பொடி என்பது பொடிக்கு மட்டும்தான் தெரியும்.

போன வாரம் மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். "அக்காதானே சார் சீனியர்?" என்று கேட்டதற்கு, "அவங்க யாரையும் கண்டிக்க மாட்டாங்க. நீயும் கண்டிப்பேன்னு தோணல. ஆனா நீ கத்துக்குவ" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவள் சரி என்று சொல்லிவிட்டாள். உண்மையைச் சொன்னால், அந்தச் 'சரி'யில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அதுதான் உறுத்தியது. அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் தலைவலி, பல்வலி என்று ஏதாவது சொல்லி, டாக்டரைப் பார்க்கணும் என்று இவர்களை முன்னால் அனுப்பிவிட்டு, விரலோடு சுற்றிச் சூப்பர்வைசர் வேலையைப் பழகினாள். ஊர் திரும்புவதற்குள் இவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று பஸ் ஏறும்போதே முடிவு செய்திருந்தாள். நேற்று முழுக்க ஓடிவிட்டது. இன்றைக்கு விட்டால் நாளைக் காலை கிளம்பியாக வேண்டும்.

பைகளை அலமாரிக்குள் வைத்தாள் அக்கா. மாற்றுச் செருப்புகளையும் அதற்குள்ளேயே வரிசையாக்கினாள். பிறகு கதவருகே நின்று, புதிதாக வருகிற விருந்தாளியின் கண்ணோடு அறையை ஒருமுறை பார்த்தாள். திரைச்சீலையை ஒரு சாண் விலக்கினாள். அக்காவின் அறை அப்போதுதான் முடிந்ததாகக் கணக்கு. பொடி மேசையோரம் நின்று, சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். 'அக்கா, கோவிச்சுக்காதீங்க' என்று தொடங்கலாமா? அப்படித் தொடங்கினால் கோபப்பட வேண்டிய விஷயம் என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடாதா? அவள் கை அதுபாட்டுக்கு டெலிபோனை எடுத்தது, என்னவோ எண்களை அழுத்தியது, டெலிபோன் 'டிங்' என்றது, இன்னும் எதையோ அழுத்தியது, மறுபடி 'டிங்' என்றது, வைத்துவிட்டது. வீட்டைப் பூட்டியதும் பூட்டை இழுத்துப் பார்க்கிற கையைப் போல.

"லிஃப்ட் வந்துருச்சு, வாங்கடி!" என்று ரேடியோ கத்தினாள்.

பூங்கா காலையிலேயே விழித்திருந்தது. நீலமும் மஞ்சளுமாய் இரும்புத் தண்டவாளங்கள் வானத்தில் முடிச்சுப் போட்டுக் கிடந்தன. யாரோ ஒரு ராட்சசக் குழந்தை விளையாடிவிட்டு எடுத்து வைக்க மறந்த நூல்கண்டு போலிருந்தது அந்த ரோலர் கோஸ்டர். முன்வரிசையில்தான் உட்காருவேன் என்று அக்கா அடம்பிடித்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ரவிக்கைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு, "எனக்கு இப்ப எதுவும் தெரியாது, அதனால பயமும் இல்ல" என்றாள்.

வண்டி உச்சிக்குப் போய் நின்றது. அங்கேயிருந்து பார்த்தால் பூங்கா முழுவதும் காலடியில் இருந்தது. பிறகு பூமி அப்படியே கைவிட்டது.

இறங்கிய பிறகுதான் கூத்து தெரிந்தது. விழும்போது எடுத்த படங்கள் வாசலில் திரையில் ஓடின. மற்ற வரிசைகளில் இருந்தவர்கள் இறங்கிய பிறகும் கத்திக்கொண்டிருந்தார்கள். படத்தில் இவர்கள் மூவரும் வாயை ஆவென்று திறந்திருந்தார்கள். ஆனால் சத்தம் போட்டதாக ஒருத்திக்கும் நினைவில்லை.

"அடியே, நம்ம சத்தம் எங்கடி?" என்றாள் ரேடியோ.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹோட்டல் நடைபாதையில் விருந்தாளிகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்று, தோளை மட்டும் குலுக்கிச் சத்தமில்லாமல் சிரிக்கப் பழகியவர்கள் அவர்கள். விழும்போதும் அப்படியே, ஊமையாகவே அலறியிருக்கிறார்கள். ரேடியோகூட. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நீயுமாடி? நீயுமா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

மறுபடி வரிசையில் நின்றார்கள். இந்தத் தடவை சத்தம் போட்டே தீருவது என்று சபதம். வண்டி உச்சிக்கு ஏறுகிறபோது பொடிக்கு ஒரு யோசனை வந்தது. இங்கே சொன்னால் என்ன? வண்டி குப்புறப் பாய்ந்தது. அவள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "அக்கா! திங்கக்கிழமைல இருந்து நான்தான் சூப்பர்வைசர்!"

காற்று அதை அப்படியே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. பக்கத்தில் அக்கா, இத்தனை வருஷமும் நடைபாதைகளில் விழுங்கிய சத்தத்தையெல்லாம் ஒரே மூச்சில் வெளியே விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னமோ சொன்னியே, என்னடி?" கீழே வந்ததும் அக்கா கேட்டாள். முகம் சிவந்து, முடி பறந்து, ஏழெட்டு வயது குறைந்தவளாக இருந்தாள்.

"பயமா இருக்குன்னு சொன்னேன்க்கா."

"பயமா? பைத்தியம். இன்னொரு தடவை போலாம் வா."

மரப்படகில் நனைந்தார்கள். ராட்டினத்தில் சுற்றினார்கள். ஐஸ்கிரீமை முழங்கை வரைக்கும் வழியவிட்டார்கள், துடைக்கவே இல்லை. பொடி மட்டும் ஒவ்வொரு வரிசையிலும் 'இதோ, இப்போது' என்று நினைத்தாள். ஒவ்வொரு முறையும் அக்காவின் முகத்தைப் பார்த்து, இன்னும் ஒரு சுற்று இப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெயில் சாயும் நேரத்தில் அறைக்குத் திரும்பினார்கள். சாவி அட்டைக்குக் கதவு மசியவில்லை. ரேடியோ தட்டினாள். கதவைத் திறந்த சிறுமியின் தலையில் ரேடியோவின் வைக்கோல் தொப்பி இருந்தது. உள்ளே, அக்கா மடித்த ஓரங்களைக் காலால் கலைத்தபடி அந்தச் சிறுமியின் தம்பி கட்டில் மேல் குதித்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ, என் கட்டில்" என்றாள் அக்கா. பைகள் போனது பற்றி அவள் இன்னும் யோசிக்கவே இல்லை.

ரிசப்ஷனில் இருந்த இளைஞன் கம்ப்யூட்டரைப் பார்த்தான், இவர்களைப் பார்த்தான், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தான். "நீங்க காலையிலயே காலி பண்ணிட்டதா வந்திருக்கேம்மா. ரூம் காலின்னு வந்தா நான் அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவேன். இன்னிக்கு வேற பயங்கரக் கூட்டம்."

"எந்த மடையன் சொன்னான் காலி பண்ணோம்னு?" என்றாள் ரேடியோ.

அந்த ஹோட்டலின் சூப்பர்வைசரை வரவழைத்தார்கள். ஒரு முடி பிசகாத கொண்டையோடு வந்தாள். "எங்க பொண்ணு கதவைத் திறந்து பார்த்திருக்கா. கட்டில் ஓரம் மடிச்சுப் போட்டிருக்கு, குழாய் மின்னுது, பை ஒண்ணும் கண்ணுல படல. வேற யாரோ முடிச்சுட்டாங்கன்னு அடுத்த ரூமுக்குப் போயிட்டா. யாரும்மா கட்டில் போட்டது?"

"நாங்கதாங்க" என்றாள் அக்கா, திருடியதை ஒப்புக்கொள்கிறவள் மாதிரி. "எங்களுக்கும் இதே வேலைதான்."

கொண்டைக்காரி முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "அப்ப போன் பண்ணதும் நீங்கதானா? உங்க ஹோட்டல்லயும் இதே மெஷினா?"

"ஆமாங்க, ரூம் முடிஞ்சா சுத்தம்னு ஒரு நம்பர் அழுத்துவோம். எங்க பொடிதான் எப்பவும் அழுத்துவா. பழக்கதோஷம்!" ரேடியோ கைகொட்டிச் சிரித்தாள். "லீவுலயும் ரிப்போர்ட் குடுத்திருக்கா பாருங்க!"

"அது சரி. ஆனா சுத்தம்னு மட்டும் போட்டா ரூம் கைமாறாதே. செக் பண்ணியாச்சு, அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம்னு ரெண்டாவது நம்பரும் போட்டிருக்கு. அது சூப்பர்வைசருக்கு மட்டும் தெரிஞ்ச நம்பராச்சே."

"அது எங்களுக்குத் தெரியவே தெரியாதுங்க" என்றாள் ரேடியோ, இன்னும் சிரித்துக்கொண்டே.

அக்கா சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பொடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு தடவை டிங்குனுச்சு" என்றாள் மெதுவாக. "காலையிலயே கேட்டுச்சு. ஏன்னுதான் தோணல."

பொடிக்கு, உருட்டி வைத்திருந்த வாக்கியம் எதுவும் கைகொடுக்கவில்லை. "திங்கக்கிழமைல இருந்துக்கா" என்றாள்.

"அதைக் கேக்கல. உனக்கு எப்ப தெரியும்?"

"போன வாரம்."

"அந்தப் பல்வலி?"

"பல்வலி இல்லக்கா."

ரேடியோ வாயை மூடினாள். ரிசப்ஷன் மேசையில் யாரோ மணியடித்தார்கள். என்ன நடக்கிறது என்று முழுக்கப் புரியாவிட்டாலும், கொண்டைக்காரிக்கு ஏதோ புரிந்தது. குரலைத் தணித்து, "பைங்க பத்திரமா இருக்கு. ஒரு ரூம் மட்டும்தான் மிச்சம். குழந்தைங்களுக்காகப் போட்டது. பரவாயில்லையா?" என்றாள். போகிற போக்கில் அக்காவிடம், "உங்க ஓர மடிப்பை எங்க பொண்ணுங்களைக் கூப்பிட்டுக் காட்டணும்னு இருந்தேன், அதுக்குள்ள அந்தப் பையன் குதிச்சுட்டான்" என்றும் சொன்னாள்.

அறையில் கட்டில் ஒரு கப்பலாக இருந்தது. மரத்தில் கூர்ந்து நிமிர்ந்த முகப்பு, பக்கவாட்டில் வட்ட ஜன்னல்கள், தலைமாட்டில் உண்மையாகவே சுற்றுகிற ஒரு சுக்கான் சக்கரம். வேறொரு நேரமாக இருந்தால் ரேடியோ கூரை இடிகிற மாதிரி கத்தியிருப்பாள். இப்போது சக்கரத்தை ஒருமுறை சுற்றிவிட்டு, அது கிறீச்சிட்டதும் பயந்து கையை எடுத்தாள். அக்கா கப்பலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"கோவமாக்கா?" என்றாள் பொடி.

"ஆமா." அக்கா செருப்பைக் கழற்றினாள். "வேலை உனக்குக் கெடச்சதுக்குக் கொஞ்சம். சொல்லாம இருந்ததுக்கு நெறைய."

"சொன்னா நீங்க சிரிக்கிறதை நிறுத்திடுவீங்கன்னு நெனச்சேன். நான் வந்ததும் சாப்பாட்டு மேசைல எல்லாரும் கப்சிப்னு ஆயிடுவீங்கன்னு..."

அக்கா கழற்றிய செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்தாள். ரேடியோதான் கடைசியில் தொண்டையைக் கனைத்தாள். "எனக்கு ஒரே ஒரு சந்தேகம். நான் இனிமே விரல் மாதிரி நடிச்சுக் காட்டறது இருக்கே. அதை நீ இருக்கறப்ப பண்றதா, இல்லாதப்ப பண்றதா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் கேட்டு முடித்ததும் அது விளையாட்டில்லை என்று மூவருக்குமே தெரிந்தது.

"இருக்கறப்பவே பண்ணு" என்றாள் பொடி. "நல்லா பண்ணு. இல்லாதப்ப பண்ணாத."

ரேடியோ எழுந்தாள். முதுகை நிமிர்த்தி, வயிற்றை உள்ளிழுத்து, பொடியின் உயரத்துக்கு முழங்காலை மடக்கிக் குறுகினாள். தத்தித் தத்தி வந்து எம்பி எம்பிக் குதித்து, எட்டாத ஒரு தலைப்பலகை மேல் விரலை ஓட்ட முயன்றாள். நான்காவது எம்பலில் அக்காவின் தோள்கள் குலுங்கின. முதலில் நடைபாதைச் சிரிப்பாகத்தான் வந்தது. பிறகு ரோலர் கோஸ்டர் சிரிப்பாக உடைந்தது. மூவரும் கப்பலுக்குள் விழுந்து கிடந்தார்கள். அதற்குப் பிறகும் அக்கா தூங்கும்வரை பொடியிடம் நேராக எதுவும் பேசவில்லை. ஆனால் போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டபோது, பொடிக்கு வேண்டிய அளவை விட்டுவிட்டுத்தான் இழுத்தாள்.

காலையில் பொடி எழுந்தபோது தலையணை உறை அதன் இடத்திலேயே இருந்தது. அக்காவும் ரேடியோவும் குளித்து, தலைசீவி, இரண்டு நாற்காலிகளில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னிக்கு நாங்க எதையும் தொட மாட்டோம்" என்றாள் அக்கா. "நீ போடு. நான் செக் பண்றேன்."

கப்பலுக்குச் சதுர மூலை கிடையாது. முகப்பில் போர்வை மடிய மறுத்தது, வளைவில் சுருங்கியது, இழுத்தால் மறுபக்கம் எழும்பியது. பொடி முழங்காலில் நின்றாள், மெத்தையைக் கட்டிப்பிடித்தாள், வியர்த்தாள், யாருமே கற்றுத்தராத ஒரு மடிப்பைத் தானாகக் கண்டுபிடித்துச் செருகினாள். வட்ட ஜன்னல்களைத் துடைத்தாள். சக்கரத்தின் ஒவ்வொரு ஆரத்தையும் துடைத்தாள். டெலிபோன் பக்கம் மட்டும் போகவில்லை.

அக்கா எழுந்து கதவருகே போய் நின்று பார்த்தாள். திரைச்சீலையை ஒரு சாண் விலக்கினாள். பிறகு கப்பலிடம் வந்தாள். ஆள்காட்டி விரலை நீட்டிச் சுக்கான் சக்கரத்தின் மேல் விளிம்பில் மெதுவாக, முழு வட்டமாக ஓட்டினாள். விரலை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கி, கண்ணைச் சுருக்கினாள்.

ரேடியோ மூச்சுவிடவில்லை. திரைச்சீலை விலகிய இடைவெளியில், அன்றைய முதல் வெள்ளோட்டத்துக்காக யாருமே இல்லாத ரோலர் கோஸ்டர் பெட்டிகள் டக் டக் டக் என்று மேலே ஏறிக்கொண்டிருந்தன. உச்சிக்கு வந்து, வெயில் பட்டு, ஒரு கணம் அப்படியே நின்றன.