பச்சைப் பட்டனில் ஒரு தீக்குச்சி

விடியும் முன்பே ஆரியசாலையில் எங்கள் மில்லின் தும்மல் கேட்கும். நாலு பெண்கள். மூக்கைச் சுற்றி ஈரத்துணி. அதையும் துளைத்துக்கொண்டு ஏறும் மிளகாய் நெடி. வத்தல் சாக்கை இடுப்பில் ஏற்றி மிஷினின் வாயில் கொட்டுவோம். கண்ணில் வடிவதைத் துடைக்க முடியாது. துடைக்கிற கையிலும் மிளகாய்தான்.

"அழுதியாட்டி மாடம்மா?" என்று எலிசாள் கேட்பாள்.

"பின்னே? முதலாளி வீட்டுச் சாம்பாருக்கு உப்பு வேண்டாமா?"

எழுபத்து நாலாம் வருஷம், ஆடி மாதத்துக் கர்க்கடக மழை. நாளுக்குப் பத்துத் தடவை கரண்ட் போகும், வரும். போனால் கை சும்மா இருக்கக்கூடாது என்பது நீலகண்டன் முதலாளியின் சட்டம். ஓடுகிற நேரத்தில் மிஷினை நிறுத்திச் சுத்தம் செய்ய விடமாட்டார். கரண்ட் இல்லாதபோதுதான் வாயில் அடைத்த காம்பைத் தோண்டி எடுக்க வேண்டும். கரண்ட் திரும்பியதும் யாரும் போய் எதையும் அமுக்க வேண்டாம், மிஷின் தானே ஓடும். சுவரில் இருந்த இரும்புப் பெட்டியில் பச்சைப் பட்டன் எப்போதும் உள்ளே அமுங்கியே இருந்தது. அது வெளியே வராதபடி ஓரத்தில் செருகிய ஒரு தீக்குச்சி. ஒடிந்தால் புதுக் குச்சி செருகுவது எலிசாளின் வேலை.

அந்த வியாழக்கிழமை, மாடம்மாளின் கை உள்ளே இருந்தபோது கரண்ட் வந்தது.

எலிசாள் பாய்ந்து, பச்சைக்குக் கீழே இருந்த சிவப்புப் பட்டனை அமுக்கினாள். நின்றது. விரலை எடுத்தாள், மறுபடியும் ஓடியது. திரும்ப அமுக்கி, எடுக்காமலே நின்று கத்தினாள். நாங்கள் மாடம்மாளை இழுத்தோம். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

மிளகாய் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல், வேறு வேலை தேடி, மூன்று மாதமாக எலிசாள் தொழிற்சங்கத்து மாடியில் நடக்கும் வயர்மேன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஞாயிறு மதியம். பதினாறு ஆண்கள், அவள் ஒருத்தி. விபத்துக்கு அடுத்த ஞாயிறு நானும் துணைக்குப் போனேன். பாடம் நடத்தும் தாசையன் ஒரு ஆலையில் எலெக்ட்ரீஷியன். பலகையில் கோடு கோடாக வரைந்தான்.

"பச்சையை அமுக்குனா இந்தக் காயிலுக்கு, கம்பிச் சுருளுக்கு, கரண்ட் போகும். காயில் காந்தமாகித் தகட்டை இழுக்கும், மோட்டார் ஓடும். அப்புறம் விரலை எடுத்தாலும் தகடு தன்னைத்தானே பிடிச்சுக்கிடும். கரண்ட் போனா?"

"பிடி விட்டிரும்" என்றான் ஒருவன்.

"திரும்பி வந்தா?"

"ஓடாது. ஆள் வந்து பச்சையை அமுக்கணும்."

"அதாக்கும் காரியம். ஆள் பாத்து, ஆள் அமுக்கணும்."

எலிசாள் எழுந்தாள். "இதுல தீக்குச்சி எங்க வரும் சாரே?"

வகுப்பு சிரித்தது. "பீடி பத்த வைக்கவா அக்கா?"

"பச்சையில செருகுத குச்சி."

தாசையனின் சாக்பீஸ் நின்றது. "யாரு செருகினது?"

"நான்."

"செருகச் சொன்னது?"

"முதலாளி."

"அப்போ அவருக்கு இந்தப் படம் தெரியும்" என்றான் தாசையன்.

சாலைக் கடைத்தெரு வரை எலிசாள் வேகவேகமாக நடந்தாள். அங்கே நின்றாள். "நான் வச்ச குச்சியாக்கும் மைனி, அவ விரலை எடுத்தது."

"இப்ப அழுதுக்கோ. நாளைக்கு அவரு முன்னால அழப்படாது" என்றேன்.

திங்கள் காலை முதலாளி கையெழுத்து வாங்க ஒரு காகிதத்தோடு வந்தார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"மூணு பேரும் சாட்சி ஒப்பு போடுங்க. மத்தியானம் ஆஸ்பத்திரியில அவ கைநாட்டு வாங்கிக்கிடுதேன். 'தன் கவனக்குறைவால் விரல் போனது', அம்புட்டுதான்."

"போட்டா அவளுக்கு வேலை உண்டா?" என்றேன்.

"குறைஞ்ச கைக்கு இங்க என்ன வேலை? ஊருக்குப் போகட்டும்."

"எனக்கு எழுதத் தெரியாது முதலாளி" என்றாள் பாகீரதி, எங்களில் நாலாவது ஆள். "இதுக்குன்னு படிக்கவும் மாட்டேன்."

எலிசாள் கேட்டாள்: "தீக்குச்சியை எழுதியிருக்கியளா?"

"என்ன தீக்குச்சி?"

அவள் குந்தி உட்கார்ந்து, தரையில் படிந்திருந்த சிவப்புத் தூளில் விரலால் வரைந்தாள். "இது சிவப்பு. இது பச்சை. இது காயில்."

"மிளகாய் அரைக்க வந்தவளுக்கு மோட்டார் படிப்பா?"

"மோட்டார் எங்க கையை அரைக்குதுல்லா, படிக்கத்தான வேணும்."

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "செருகினது நீ. அதையும் எழுதட்டா?"

எலிசாள் குந்தியபடியே நிமிர்ந்தாள்.

"எழுதுங்க. ஒப்பு நான் போடுதேன். செருகச் சொன்னது யாருன்னு அடுத்த வரியில எழுதுங்க."

எழுந்து போய்த் தீக்குச்சியைப் பிடுங்கினாள். பச்சை வெளியே துள்ளியது. மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"பாத்தியா, ஓடுதே!" முதலாளி சிரித்தார்.

"கரண்ட் போகட்டும்."

கர்க்கடக மழைக்கு எங்கள்மேல் இரக்கம் உண்டு. கொஞ்ச நேரத்தில் பல்பு அணைந்தது. மிஷின் முனகி நின்றது. யாரும் அதன் வாயில் கை வைக்கவில்லை. காத்திருந்தோம்.

பல்பு எரிந்தது.

மிஷின் ஓடவில்லை.

"ஆள் பாத்து, ஆள் அமுக்கணும்" என்றாள் எலிசாள். "இனி இப்படித்தான். மாடம்மா வேலைக்கு வரணும். அந்தக் காகிதம் கிழியணும்."

முதலாளி தானே போய்ப் பச்சையை அமுக்கினார். மிஷின் வெறும் வாயோடு சுற்றியது. வத்தல் கொட்ட ஆளில்லை. வாசலில் சுமை தூக்கும் சுமட்டுக்கார வன்னியராஜ் தலைச்சாக்கை மழை படாத ஓரமாக இறக்கினான்.

"உள்ள கொண்டு வாலே!"

"மாடம்மாக்கா வந்த பிறகு கூப்பிடுங்க முதலாளி." தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். அவனுக்குப் பின்னால் வந்த ஆறு பேரும் சாக்கை இறக்கினார்கள்.

முதலாளியே சிவப்பையும் அமுக்கினார்.

சுமட்டுக்காரர்களோடு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். வராந்தாக் கட்டிலில் கட்டுப்போட்ட கையோடு இருந்த மாடம்மாள் எங்களைப் பார்த்து மிரண்டாள். "என்னட்டி, எல்லாரும் வேலையை விட்டுட்டு?"

எலிசாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தீக்குச்சியைக் காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள், தான் செருகியதையும். மாடம்மாள் அதைப் பார்த்தாள். நல்ல கையால் குச்சியை அவள் முந்தானையில் திரும்பச் சுருட்டி வைத்தாள்.

"பத்திரமா வை. கோர்ட்டுல கேப்பாவ."

"கைநாட்டுக் கேட்டு முதலாளி வருவாரு."

"வரட்டும். பெருவிரல் மிச்சமிருக்கு. அதை அவருக்குக் குடுக்க மாட்டேன்."

மத்தியானம் முதலாளியின் கறுப்புக் குடை கேட்டுக்குள் நுழைந்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்த சுமட்டுக்காரர்கள் எழுந்தார்கள். நாங்களும் எழுந்தோம். மாடம்மாள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் வந்து நின்றாள்.