இரண்டே கேள்வி

மனநல வேன் சந்தை முனையில் நிற்க ஆரம்பித்து மூன்று வாரமாகியும், ஈயைத் தவிர யாரும் ஏறவில்லை. இன்றும் ஆள் வராவிட்டால் வேன் கிளம்பிவிடும். சண்டை ஓய்ந்த இந்த ஊரில் எல்லோரும் தெம்பாக இருப்பதாக மேலிடத்துக்கு அறிக்கையும் போய்விடும்.

அப்போதுதான் தையல்கார அக்கா வந்தார். ஓட்டுநருக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த ஆலோசகர் அம்மா எழுந்திருப்பதற்குள் கதவைச் சர்ரென்று இழுத்துத் திறந்தார்.

“ஏறுங்கக்கா. ரெண்டே கேள்விதான். அஞ்சு நிமிஷத்துல அனுப்பிடுவோம்.”

அக்காவின் முகம் சுண்டிப்போனது.

“சண்டை நேரத்துல என் வீட்டுக்காரரையும் இதையே சொல்லித்தான் வேன்ல ஏத்துனாங்க. ஆறு வருஷமாச்சு. அந்த அஞ்சு நிமிஷம் இன்னும் முடியல.”

அவர் ஓரடி பின்வாங்கினார். விட்டால் போய்விடுவார், திரும்பியும் வரமாட்டார். ஓட்டுநர் வேன் சாவியை உருவி நீட்டினார்.

“இது உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. வண்டி எங்கயும் போகாது.”

அக்கா சாவியை வாங்கிக்கொண்டார். வேனில் ஏறாமல், வெளியே போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“ரெண்டு கேள்வியையும் நான்தான் கேப்பேன். அவரு எங்க? வேன் சத்தம் கேட்டா என் கை ஏன் நடுங்குது?”

“மொதக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லம்மா,” என்றபடி ஆலோசகர் இறங்கி எதிரில் உட்கார்ந்தார். “ரெண்டாவதைப் பேசலாமா?”

அக்கா தலையாட்டினார். ஓட்டுநர் வாயை மூடிக்கொண்டு, கதவை மூடாமல் நின்றார்.