ஆள் இல்லை

"பகல் முழுக்க எங்க போய்த் தொலைஞ்ச?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தான் மேஸ்திரி. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எங்கயும் போகலையே. வீட்டுலதான் இருந்தேன்," என்றாள் அவன் மனைவி, தையல் மிஷினை நிறுத்தாமல்.

அவன் கதவைக் காட்டினான். பச்சை பெயின்ட் அடித்த கதவில், கொட்டை எழுத்தில், சாக்பீஸால் 'ஆள் இல்லை' என்று எழுதியிருந்தது.

விஷயம் இதுதான். ஊர்க்கோடியில் இருக்கிற அனல்மின் நிலையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடலாமா என்று வீடு வீடாகக் கருத்துக் கேட்கிறார்கள். காலை பதினோரு மணிக்கு ஒரு குடை, ஒரு கட்டு படிவம், ஒரு சாக்பீஸ் சகிதம் கணக்கெடுப்புக்காரி வந்தாள். மேஸ்திரி அதே நிலையத்தில் கரி ஏறும் பெல்ட்டைப் பார்த்துக்கொள்கிறவன், அந்நேரம் வேலையில் இருந்தான். வீட்டில் மனைவியும் அவள் மாமியாரும் இருந்தார்கள். நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். வந்தவள் தண்ணீரைக் குடித்துவிட்டு, "சார் இருக்காரா?" என்றாள். இல்லை, நானே சொல்கிறேன் என்று இவள் ஆசையாக முன்னால் வந்தாள். குடும்பத் தலைவர்தான் சொல்லவேண்டும், அவர் இல்லாவிட்டால் வேறு ஆம்பளை யாராவது உண்டா என்று கேட்டாள் அவள். இல்லை என்றதும் எழுந்து போய்க் கதவில் எழுதிவிட்டாள். மாமியார் காலி டம்ளரும் கையுமாக நின்றாள்.

"அப்போ தண்ணி குடுத்தது யாராம்?" என்று கேட்டாள் கிழவி.

பாவம், மனைவிக்குச் சொல்ல நிறைய இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுக்கிறவள் அவள். வெள்ளையாக வந்த துணி நிலையத்துச் சாம்பல் படிந்து போனால் கடைக்காரன் முகத்தில் விட்டெறிவான். அதனால் ஒரு நாளைக்கு நாலு முறை வீடு துடைக்கிறாள். மாமியாருக்கோ இருமல் நின்றபாடில்லை. இன்னொரு பக்கம், வீட்டில் அடுப்பு எரிவதும் அதே நிலையத்துச் சம்பளத்தில்தான். எல்லாவற்றையும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். ராத்திரி சோறு போடும்போது அவனிடமே சொன்னாள்.

"மூடட்டும்ங்க. ஆனா உங்களுக்கெல்லாம் வேற வேலையைக் கையில குடுத்துட்டு மூடட்டும். இதை அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

பிளான்ட்டைப் பற்றி உனக்கென்ன தெரியும், வாயை மூடிக்கொண்டு ரசத்தை ஊற்று என்றான் அவன். ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை கணக்கெடுப்புக்காரி மறுபடி வருவதாகச் சொல்லியிருந்தாள். விருந்தாளி வருகிறாளே என்று இவள் அஞ்சு மணிக்கே எழுந்து ஜன்னல் விளிம்பு, நாற்காலிக் கால், பூந்தொட்டி இலை ஒன்று விடாமல் துடைத்தாள். அங்கேதான் அவள் கோட்டை விட்டாள். தன் பக்கத்துச் சாட்சியைத் தானே ஈரத்துணியில் பிழிந்து சாக்கடையில் ஊற்றிவிட்டாள்.

"சாம்பல் தொந்தரவு இருக்கா சார்?"

"சாம்பலா? நீங்களே பாருங்க," என்றான் மேஸ்திரி, நெஞ்சை நிமிர்த்தி. வந்தவள் ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டினாள். விரல் பளிச்சென்று இருந்தது. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். அவன் பொய் சொன்னதாகவும் சொல்ல முடியாது. முதல் துடைப்பு முடிந்து வேலைக்குப் போய், நாலாவது துடைப்பு முடிந்து திரும்புகிறவன். கல்யாணமான இந்தப் பதினோரு வருஷத்தில் தன் வீட்டுச் சாம்பலை அவன் கண்ணால் பார்த்ததே கிடையாது.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றாள் மனைவி, அடுக்களை வாசலிலிருந்து.

"எழுத இடமில்லம்மா. வீட்டுக்கு ஒரு கருத்துதான்." கணக்கெடுப்புக்காரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்க வீட்டுலயும் அவர்தான் சொன்னார்."

போகும்போது பழைய எழுத்தை அழித்துவிட்டு 'முடிந்தது' என்று எழுதிவிட்டுப் போனாள்.

மனைவி அதைப் படித்தாள். அப்புறம் துணியில் அளவுக்கோடு போடுகிற சாக்பீஸை எடுத்துவந்தாள். 'முடிந்தது' என்பதை அழித்து, அழகாக, வரி கோணாமல் 'ஆள் இல்லை' என்று எழுதினாள். துடைக்கிற துணியை ஆணியில் மாட்டினாள். தைக்கிற அறையை மட்டும் ஜன்னலைச் சாத்தித் துடைத்துக்கொண்டாள். மற்றதைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் தொழிலாளர் சங்கத்துக் கூட்டம். மேஸ்திரி இஸ்திரி போட்ட வெள்ளைப் பேன்ட்டில், கிளம்பும் முன் நாற்காலியில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேச்சை ஒத்திகை பார்த்தான். மேடையில் போட்டான் ஒரு போடு. சாம்பல், சாம்பல் என்கிறார்களே, எங்கே இருக்கிறது சாம்பல், காட்டச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு, கைதட்டலுக்குக் காத்திராமல் மிடுக்காகத் திரும்பி நடந்தான். பின்பக்கத்தில் இரண்டு சாம்பல் வட்டம், பூசணிக்காய் அளவில். அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பில் அந்தக் கூட்டத்தில் யாரும் எதுவும் பேச முடியவில்லை.

"வீட்டைத் துடைக்க ஆள் இல்லையா?" என்று கத்திக்கொண்டே வந்தான்.

"கதவுல எழுதியிருக்கேடா, படிக்கலையா?" என்றாள் அம்மாக்காரி, இருமலுக்கு நடுவே.

அவனுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் வீம்பு. நீயா நானா என்று துணியையும் கதவில் இருந்த எழுத்தையும் தொடாமல் ஒரு வாரத்தை ஓட்டினான். சாம்பலும் தன் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது.

அந்த வாரக் கடைசியில் வார்டு ஆபீஸில் பட்டியல் ஒட்டினார்கள். 'மூடக்கூடாது' என்ற தன் கருத்து அச்சில் வந்திருப்பதைப் பார்க்க மேஸ்திரி முதல் ஆளாகப் போனான். தெருவில் எல்லா வீட்டுக்கும் எதிரே கருத்து இருந்தது. அவன் வீட்டு எண்ணுக்கு எதிரே 'ஆள் இல்லை' என்று இருந்தது. எழுதியது சரிதானா என்று பார்க்க வந்த மேலதிகாரி கதவைப் படித்தாராம். ஆளே இல்லாத வீட்டில் கருத்து எப்படி என்று படிவத்தை அடித்துவிட்டாராம். இனி மாற்ற முடியாது என்றார்கள்.

வீட்டுக்கு வந்தவனுக்கு மூச்சு வாங்கியது.

"நாற்காலியில உக்காந்து, வாயைத் திறந்து சொன்னேனே. நான் ஆள் இல்லையா?"

அவள் ஊசியில் நூலைக் கோத்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கு நானும் இங்கதாங்க இருந்தேன்."

அவன் ஆணியில் மாட்டியிருந்த துணியை எடுத்து, அதை எங்கே நனைக்கவேண்டும் என்று கேட்டான்.