ரோசரி அக்காவுக்கு ஐந்து நட்சத்திரம்

ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்த குடும்பச் சுற்றுலாவை இந்தக் காலாண்டு விடுமுறையில்தான் நிறைவேற்றினேன். நான், மனைவி ஜோதி, எட்டு வயது மகள் இளவேனில். ஓசூரிலிருந்து எங்கள் காரிலேயே வந்தோம். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பின்னால் புதிதாகக் கட்டியிருந்த ஓட்டலில் இரண்டு இரவுக்கு ரூம். நான் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கும் கம்பெனி பெயரில் புக் செய்ததால் முப்பது சதவீதம் தள்ளுபடி கிடைத்தது. அதை வழியெல்லாம் ஜோதியிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பேன்.

ரூம் சுத்தம் செய்ய வந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சேலைக்கு மேல் பழுப்பு நிறக் கோட்டு. நெஞ்சில் பெயர்ப் பட்டை: ரோசரி. கையில் துடைப்பான் ஓடிக்கொண்டிருக்க, வாயும் ஓடிக்கொண்டிருந்தது.

"எந்த ஊருங்க சார்?"

"இப்ப ஓசூர். சொந்த ஊரு துறையூர்ப் பக்கம்."

"அட, பக்கத்துலயே ஊர வச்சிகிட்டு எதுக்கு சார் காசு குடுத்து ரூம் போடுறீங்க? வீடு இல்லையா?"

ஜோதி சிரித்துவிட்டாள். "நல்லா கேளுங்கக்கா. இருந்த வீட்டையும் வித்துத்தான் ஓசூர்ல இவரு பிளாட் வாங்கினாரு."

"சரி விடுங்க, விருந்தாளியா வந்தா மரியாதை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு, இளவேனிலுக்கு ஒரு சோப்பு கூடுதலாக வைத்துவிட்டுப் போனாள்.

கதவு சாத்தியதும் ஜோதி கேட்டாள். "ஏதாச்சும் குடுத்திருக்கலாம்லங்க?"

"போகும்போது மொத்தமா குடுத்துக்கலாம். இப்பவே குடுத்தா தினம் வந்து கதவைத் தட்டுவாங்க."

"தட்டுனா ரூம் கூட்டத்தான தட்டுவாங்க. வேற எதுக்கு தட்டப் போறாங்க, உங்க மூஞ்சியப் பாக்கவா?"

என் அப்பா கல்லுடைத்தவர், அம்மா கட்டட வேலையில் சித்தாள். அதனால் கூலி வேலை செய்கிறவர்களைப் பற்றி இவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று ஒரு நினைப்பு எனக்கு உண்டு. அதற்குத் திமிர் என்றுதான் பெயர்.

மறுநாள் காலை முக்கொம்பு போனோம். அணைக்குப் பக்கத்தில் சட்டியில் பொரித்துப் போட்ட மீனை இளவேனில் கேட்டுக் கேட்டுத் தின்றாள். மதியம் ரூமுக்கு வந்து படுத்தவள், எழுந்து உட்கார்ந்த வேகத்தில் கட்டில் முழுக்க வாந்தி எடுத்தாள். தூய வெள்ளை விரிப்பு. அதன் மேல் மிளகாய்த்தூளும் எண்ணெயும் சிவப்பாகப் படர்ந்தன. தலையணை, மெத்தை உறை எல்லாவற்றிலும்.

ஜோதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள். நான் எதைப் பார்த்தேன் தெரியுமா? மேசை மேலிருந்த அட்டையைப் பார்த்தேன். விரிப்பில் கறை பட்டால் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் வசூலிக்கப்படும் என்று அதில் போட்டிருந்தது. பிள்ளை உள்ளே ஓங்கரித்துக்கொண்டிருக்கிறாள். நான் அட்டையைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

வெளியே வராந்தாவில் ரோசரி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். கூப்பிட்டேன். வந்து பார்த்தவள் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை.

"ரிசப்ஷனுக்கு போன் போட்டீங்களா சார்?"

"இன்னும் இல்ல."

"போடாதீங்க. போட்டா சீட்டு எழுதி உங்க பில்லுல ஏத்திடுவாங்க. எண்ணெய்க் கறைதான, ஆறுறதுக்குள்ள அலசுனா போயிடும்."

பாத்ரூம் தரையில் முழங்காலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கோட்டுப் பையிலிருந்து தன்னுடைய துணி சோப்பை எடுத்தாள். நான் கதவருகே நின்றேன். முக்கால் மணி நேரம் அந்த முதுகு ஏறி இறங்கியதைப் பார்த்தேன். விரிப்பைப் பிழிந்து வாளியில் போட்டு, மேலே துடைக்கிற துணியால் மூடினாள். பக்கத்துக் காலி ரூமிலிருந்து வேறு விரிப்பு எடுத்து வந்து போட்டாள்.

"இத மொட்டை மாடில காயப்போட்டு, காலையில அந்த ரூம்ல விரிச்சிடுவேன். எண்ணிக்கை சரியாயிடும். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க சார். எங்க சூப்பர்வைசருக்கு தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவான்."

"சேச்சே, நான் எதுக்கு சொல்றேன்" என்றேன்.

அவள் இதை அன்பினால் மட்டும் செய்தாள் என்று நான் எழுதமாட்டேன். போகும்போது இந்த ஆள் ஏதாவது கொடுப்பான் என்கிற எண்ணமும் இருந்திருக்கும். இருந்தால் என்ன? முழங்கால் அவளுடையது, சோப்பும் அவளுடையது.

அந்த நாற்றத்தில் நின்றபோது ஆயிரம் ரூபாய் கொடுப்பது என்று முடிவெடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். சாயங்காலம் பெரிய கோயிலில் பிரகாரம் சுற்றியபோது அது ஐந்நூறாகியிருந்தது. காலையில் பொங்கல் சாப்பிடும்போது இருநூறு. பெட்டியைக் கட்டி வெளியே வைத்தபோது, வராந்தாவில் நின்றவள் கையில் நூறு ரூபாயை வைத்தேன்.

அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரிங்க சார். பாப்பாவுக்கு வழியில காரமா எதுவும் வேணாம், தயிர்சாதம் வாங்கிக் குடுங்க" என்றாள்.

லிப்டில் இறங்கும்போதே நெஞ்சில் உறுத்தியது. ஜோதி, "எவ்வளவு குடுத்தீங்க?" என்று கேட்டபோது, "குடுத்தேன், குடுத்தேன்" என்று மட்டும் சொன்னேன். திரும்பி மேலே போய் இன்னொரு நானூறைக் கொடுத்திருக்கலாம். லிப்ட் அங்கேயேதான் இருந்தது.

கீழே ரிசப்ஷனில், டை கட்டிய ஒருவன் பில்லை நீட்டினான். முப்பது வயதுக்குள் இருக்கும். ஹவுஸ்கீப்பிங்கையும் அவன்தான் பார்க்கிறானாம். சவரிராயன் என்று சொன்னான். "சார், கூகுள்ல ஒரு ரிவ்யூ போட்டுட்டுப் போங்க சார். ஸ்டாஃப் பேரு போட்டு எழுதுனா அவங்களுக்குப் பாயிண்ட் ஏறும்."

எனக்கு வழி கிடைத்துவிட்டது. பைசா செலவில்லாத வழி. சோபாவில் உட்கார்ந்து, ஐந்து நட்சத்திரத்தையும் தொட்டுவிட்டு, தமிழிலேயே எழுதினேன். கொடுக்காத தொள்ளாயிரத்தையும் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும் என்கிற வேகம். ரோசரி அக்கா தங்கமானவர், என் மகள் வாந்தி எடுத்தபோது முகம் சுளிக்காமல் விரிப்பைத் தன் கையாலேயே அலசிக் கொடுத்தார், எங்களுக்கு அபராதம் விழாமல் காப்பாற்றினார், இப்படிப்பட்ட ஊழியர்கள் இந்த ஓட்டலின் சொத்து. எழுதிவிட்டு ஒருமுறை படித்தேன். எனக்கே கண் கலங்கியது. போட்டுவிட்டேன்.

ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது சவரிராயனின் போனில் மணி அடித்தது. அவன் படித்தான். சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவன் பாதியில் சிரிப்பை நிறுத்தினான்.

"சார், உங்க ரூம்ல ஷீட் கறை ஆச்சா?"

அப்போதுதான் நான் செய்தது எனக்குப் புரிந்தது. அம்மா சித்தாள் வேலை பார்த்த வீட்டுக்காரர் ஒருவர், அவளுக்குத் தனியாக இருபது ரூபாய் கொடுத்ததை மேஸ்திரியிடம் பெருமையாகச் சொன்னார். அந்தச் சனிக்கிழமைக் கூலியில் மேஸ்திரி இருபதைப் பிடித்துக்கொண்டான். மேஸ்திரி காதில் ஓர் ஆளைப் பற்றி நல்லதைக்கூடப் போடக் கூடாது என்பது சோற்றோடு எனக்குள் போன பாடம். நான் இப்போது அதை ஊரே படிக்கும்படி எழுதியிருக்கிறேன். பேரோடு.

"இல்ல, அது வந்து, பெருசா ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

"எழுதியிருக்கீங்களே சார்."

ரோசரியைக் கீழே கூப்பிட்டான். சர்வீஸ் படியில் இறங்கி வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியாத சாதாரணக் களை.

"என்னம்மா இது? ஷீட்டு அலசினியாமே? சீட்டு எழுதலையா? மாத்துன ஷீட்டு எந்த ரூமோடது?"

அவள் என்னைப் பார்த்தாள். அவன் என் பக்கம் திரும்பினான். "இவங்களா செஞ்சாங்களா, நீங்க செய்யச் சொன்னீங்களா சார்?"

யோசிக்க நேரம் இருந்தது. யோசித்துத்தான் சொன்னேன். "அவங்களாத்தான் அலசுறேன்னாங்க. நான் கேக்கல."

உண்மைதான். அந்த ஓர் உண்மைதான் அவளைக் கவிழ்த்தது.

"ஷீட்டு குறையுதுன்னு போன மாசம்தான் ரெண்டு பேர அனுப்பினோம்" என்றான் சவரிராயன். "எனக்கு மேல ஆள் இருக்கும்மா. நாளைலேருந்து வராத. கான்ட்ராக்டர்கிட்ட பேசிக்க. இன்னிக்கு செக்அவுட் ரூமெல்லாம் முடிச்சிட்டுப் போ."

நான் இரண்டாயிரத்து ஐந்நூறைக் கட்டினேன். ஜோதிதான் கார்டை என் பையிலிருந்து பிடுங்கி நீட்டினாள். கட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவன் அதை அபராதக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டான்; அவளை நிறுத்தியதை மாற்றவில்லை. "ரிவ்யூவ அழிச்சிடுறேங்க" என்றேன்.

"ஐயோ வேணாம் சார். அஞ்சு ஸ்டார் இருக்கட்டும். அந்த ஷீட்டு விஷயத்த மட்டும் எடுத்துடுங்க."

எடுத்தேன். அவள் நின்றுகொண்டிருக்கும்போதே, அவள் எதிரிலேயே உட்கார்ந்து எடுத்தேன்.

ஜோதி பிள்ளையைக் காருக்குக் கூட்டிப் போனாள். நான் சர்வீஸ் படிப் பக்கம் ரோசரியின் பின்னால் போனேன்.

"அக்கா, நான் நல்லதுன்னு நெனச்சுத்தான்..."

"வாயை வச்சிகிட்டு சும்மா இருந்திருந்தா நூறு ரூபாயோட போயிருக்கும்ல சார்." குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு மாசம் வீட்டுல உக்காந்துட்டு இப்பத்தான் இந்த வேலைல சேந்தேன். மறுபடி யாரு சேத்துக்குவாங்க?"

பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்தேன். அவள் கையை நீட்டவில்லை.

"காசு இருக்கட்டும். உள்ள போயி, நீங்கதான் என்னை மிரட்டி அலச வச்சீங்கன்னு சொல்லுங்க. கம்ப்ளைண்ட் குடுப்பேன்னு சொன்னதால பயந்துகிட்டு செஞ்சாங்கன்னு சொல்லுங்க. கெஸ்ட்டு மிரட்டுனா எங்க மேல தப்பு வராது. உங்களுக்கு என்ன சார், நீங்க திரும்ப இங்க வரவா போறீங்க?"

"சரிக்கா. சொல்றேன்" என்றேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

சவரிராயன் பொறுமையாகக் கேட்டான். அவன் கெட்டவன் இல்லை. "நெஜமாவா சார்? மொதல்ல வேற மாதிரி சொன்னீங்க."

"கூச்சமா இருந்துச்சு. அதான்."

"அப்ப நல்லது. அந்தம்மாவும் நல்லா வேலை செய்யிற ஆளு, எனக்கும் விட மனசில்ல." ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் தள்ளினான். "நாலு வரி எழுதிக் கையெழுத்து போட்டுடுங்க. ஊழியரை மிரட்டி வேலை வாங்கினேன்னு. மேல காட்டணும்ல."

பேனாவை எடுத்தேன். என் பெயரை எழுதினேன். அன்புச்செல்வன்.

"இது எங்க போகும்?" என்று கேட்டேன்.

"எங்க ஃபைலுக்கு. அப்புறம், கார்ப்பரேட் புக்கிங் இல்லையா சார், ஒரு காப்பி உங்க கம்பெனிக்கு மெயில்ல போகும். அது வழக்கம்."

கம்பெனியில் என் கீழ் முப்பத்தெட்டு பேர். மெமோ கொடுக்கும் கை என்னுடையது. ஓட்டல் வேலைக்காரப் பெண்ணை மிரட்டியவன் என்ற கடிதம் பர்சனல் மேனேஜரின் மேசையில் கிடப்பதைப் பார்த்தேன். கேன்டீனில் அதைச் சொல்லிச் சிரிப்பவர்களின் முகங்களையும் பார்த்தேன். வேலை போயிருக்காது. அதிகபட்சம் ஓர் எச்சரிக்கை வந்திருக்கும், ஒரு வருட இன்கிரிமென்ட் நின்றிருக்கும். அது அப்போதே எனக்குத் தெரியும்.

"எழுதியெல்லாம் தர முடியாதுங்க" என்றேன்.

"வாயால சொன்னா நான் என்ன சார் பண்றது?"

"நீங்க பாத்து ஏதாச்சும் பண்ணுங்க."

என் பெயர் எழுதிய தாளை நானே எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அதை அங்கே விட்டுவரக்கூட எனக்குப் பயம். சர்வீஸ் படிப் பக்கம் யாரும் இல்லை. மேலே, நாங்கள் காலி செய்த ரூமைத்தான் அவள் கூட்டிக்கொண்டிருப்பாள். பிள்ளை தின்றுவிட்டுப் போட்ட பிஸ்கட் தாள், என் ஷேவிங் மயிர் ஒட்டிய வாஷ்பேசின், எல்லாம் அங்கேதான் கிடந்தன. நான் மேலே போகவில்லை.

கொள்ளிடம் பாலம் தாண்டி, டோல்கேட்டில் முசிறி ரோட்டுக்குத் திரும்பினேன். பின்சீட்டில் இளவேனில் தூங்கிவிட்டாள்.

"உள்ள திரும்பப் போனீங்களே, எதுக்கு?" என்று கேட்டாள் ஜோதி.

"நான்தான் மிரட்டி வேலை வாங்கினேன்னு சொல்லிட்டேன். அப்படிச் சொன்னா அந்தக்கா மேல தப்பு வராதாம். எழுதித் தரச் சொன்னாங்க."

"எழுதிக் குடுத்தீங்களா?"

எதிரே ஒரு வாழைத்தார் லாரி வந்தது. அதற்கு வழிவிட்டு, வண்டியை ஒடித்து நேராக்கினேன்.

"குடுத்துட்டேன்" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். இந்த மூன்று நாளில் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இதையாச்சும் உருப்படியா செஞ்சீங்களே" என்று சொல்லி, கியர் மேலிருந்த என் கையின் மேல் கையை வைத்தாள். முசிறி வரைக்கும் எடுக்கவில்லை.