ஞானத்தகப்பன் பூட்டிய ரயர்

காரை ஓட்டுபவள் ஏஞ்சலா. புதுவீடு இருக்கும் விட்பியில் இருந்து அஜின்கோர்ட் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போய் வருபவளும் அவள்தான். வீடு மாறினாலும் பள்ளிக்கூடம் மாறமாட்டேன் என்று அடம்பிடித்த மகள் ஷெரிலைப் பின்சீட்டில் ஏற்றி இறக்குபவளும் அவள்தான். கணவன் றொய்சன் ரயிலில் வேலைக்குப் போகிறவன். ஸ்ரேறிங்கைத் தொடுவது ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும். அப்படியிருக்க, கராஜ்காரர் சூசைதாசன் யாரைப் பார்த்துக் கேட்டார் தெரியுமா?

"தம்பி, பனிக்கு என்ன விண்டர் ரயர் போடுவம்?"

றொய்சன் பெரிய நிபுணனைப் போலத் தாடையைத் தடவினான். "நீங்கள் பாத்துப் போடுங்கோ அண்ணை. உங்களுக்குத் தெரியாததே?"

ஏஞ்சலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாசியில், ஹைவேயில் இருந்து இறங்குகிற வளைவில், பிறேக்கை மிதிக்க மிதிக்கக் கார் வழுக்கிக்கொண்டு போய்ப் பனிக்குவியலில் முட்டியது. பின்சீட்டில் ஷெரில் "அம்மா!" என்று அலறியது இன்னும் காதை விட்டுப் போகவில்லை. அன்று தொடக்கம் வேலையிடத்தில் விசாரித்து, வீடியோக்கள் பார்த்து, எப்படிப்பட்ட ரயர் வேண்டும் என்று ஒரு தாள் நிறைய எழுதி வைத்திருந்தாள். அந்தத் தாளை ஒருவரும் கேட்கவில்லை.

"புதுசுதானே அண்ணை?" என்று அவளே வாயைத் திறந்தாள்.

"புதுசு மாதிரித்தான் தங்கச்சி. வெட்டைப் பாரும், எவ்வளவு ஆழம்! ஒருத்தர் பூட்டாமலே வைச்சிருந்தது. உங்களுக்கெண்டுதான் எடுத்து வைச்சனான்."

உங்களுக்கென்று! அந்த ஒரு சொல்லிலேயே றொய்சன் உருகிவிட்டான். சூசைதாசன் வெறும் கராஜ்காரர் இல்லை, ஷெரிலின் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றவர். அவரைக் கேள்வி கேட்பதும் இன்னொரு கராஜுக்குப் போவதும் றொய்சனின் கணக்கில் துரோகம்.

இரண்டு ரயர்கள் பூட்டியாகிவிட்டன. மூன்றாவது ஏஞ்சலாவின் காலடியில் கிடந்தது. குந்தியிருந்து அதன் பக்கவாட்டில் இருந்த எண்ணை வாசித்தாள். கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டும் செய்த வாரம், அடுத்த இரண்டும் செய்த வருசம். 4613.

"அண்ணை, இது ரெண்டாயிரத்துப் பதின்மூண்டில செய்த ரயர்."

"வருசத்தில என்ன கிடக்கு? ரயர் என்ன பாணே, பாலே, பழுதாப்போக?"

"றப்பர் இறுகிப் போயிருக்கும். குளிருக்கை றோட்டைப் பிடிக்காது."

றொய்சன் அவளுடைய கையைப் பிடித்து இழுத்தான். "இஞ்ச, விடும். மனிசன் என்ன நினைக்கும்?"

மனிசன் என்ன நினைக்கும்! பனியில் கார் சுழன்றால் பின்சீட்டில் இருக்கிற பிள்ளை என்ன நினைக்கும் என்று இந்த மனிதனுக்கு ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லையே! ஏஞ்சலா கையை உதறிக்கொண்டு வெளியே போனாள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் சூசைதாசனின் கார் நின்றது. அவளுடையதும் அதுவும் ஒரே மொடல். இரண்டையும் ஒன்றாகப் பார்த்து வாங்கித் தந்தவரே அவர்தான். கையுறையால் ரயரைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். 3425.

திரும்பி வந்து அவர் முன்னால் நின்றாள். "உங்கட காருக்கு இந்த ஆவணியில செய்த ரயர். உங்கட ஞானப்பிள்ளை போற காருக்குப் பன்ரண்டு வருசப் பழசோ?"

சூசைதாசன் தடுமாறினார். "அது தங்கச்சி... அது என்ர மனிசி ஓடுற கார், அதுதான்..."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

"அப்ப ஒண்டு செய்வம். உங்கட நாலையும் கழட்டி எனக்குப் பூட்டுங்கோ. உதுகளை அக்காவின்ர காருக்குப் போடுங்கோ. நல்ல ரயர் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அவர் வெளியே கொட்டும் பனியைப் பார்த்தார். பிறகு உதவிக்கு றொய்சனைப் பார்த்தார். "தம்பி, நீராவது சொல்லும்."

றொய்சனின் முகம் சுண்டிப் போயிருந்தது. "ஓடுறது அவ. அவவைக் கேளுங்கோ அண்ணை."

சூசைதாசன் பூட்டிய இரண்டையும் கழற்றி, அவர்களுடைய பழைய ரயர்களைத் திரும்பப் பூட்டினார். அடுத்த சந்தியில் இன்னொரு கராஜ் இருக்கிறது. அதுவரை ஊர்ந்து போகலாம். ஏஞ்சலா காரில் ஏறப் போனவள் நின்றாள்.

"உந்த நாலையும் என்ன செய்யப் போறியள்?"

"வேற ஆரும் எங்கட ஆக்கள் கேட்டால்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

மேசையில் ரயரில் குறி போடுகிற மஞ்சள் பெயின்ற் பேனை கிடந்தது. ஏஞ்சலா அதை எடுத்துக் காலடியில் கிடந்த ரயரில் 2013 என்று பெரிதாக எழுதினாள். மற்ற மூன்றையும் அவள் பார்க்கும் முன்பே, றொய்சன் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்து அவளுக்கு முன்னால் போட்டான்.