கரட் இலையில் கண்ட கறுப்பு

விடிந்ததும் விடியாததுமாய்ச் சஞ்சீவனி கத்தரிக்கோலும் கையுமாகக் கரட் பாத்திக்குள் உட்கார்ந்துவிட்டாள். மடுல்கெல்லப் பக்கத்தில் கரட்டைக் கிழங்குக்குப் பிடுங்காமல் விதைக்கென்று பூக்கவிட்டவள் அவள் ஒருத்திதான். ஒன்பது பாத்தியும் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்க, அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பத்து மணிக்கு விவசாயப் போதனாசிரியர் அம்னா வருகிறார். பயிர் சுத்தம் என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் விதையைக் கொடுக்கலாம்.

ஆனால் இரண்டு பாத்தியில் அடி இலைகள் ஓரம் கறுத்துக் கருகியிருந்தன. பனி பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கருகினதையெல்லாம் நறுக்கிப் பையில் திணித்து உரமூட்டைக்குப் பின்னால் ஒளித்தாள். என்ன துணிச்சல் பாருங்கள்!

அம்னா வந்தார், சுற்றிப் பார்த்தார், பூவைக் கண்டு அசந்தே போனார். படிவத்தை விரித்துப் பேனாவையும் திறந்துவிட்டார். சஞ்சீவனி பேனா முனையையே பார்த்தாள். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்துத் தோட்டத்து லய வரிசை வீட்டுச் சின்னமுத்துவுக்கோ அவளைவிடச் சந்தோஷம்.

"எங்க லயத்துல பன்னண்டு வீடும் இந்த வெதயத்தான் போடப் போறோம் மிஸ். நான் பாத்தியே கொத்தி வச்சிட்டேன்," என்றார்.

சஞ்சீவனிக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வீடு! ஓடிப்போய்ப் பையை இழுத்துவந்து அம்னாவின் முன்னால் கொட்டி, எந்த இரண்டு பாத்தியில் நறுக்கினது என்றும் காட்டினாள்.

அம்னா ஓர் இலையை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கறுத்த ஓரத்தைச் சுற்றி மஞ்சள். இது பனியில்லை, பங்கசு என்ற பூஞ்சணத்தால் வரும் இலைக்கருகல், விதையோடேயே ஒட்டிக்கொண்டு போகும் என்றார். கோபிப்பார் என்று பார்த்தால், மனுஷி பாத்திக்குள் இறங்கிவிட்டார். மற்ற ஏழு பாத்தியிலும் தொற்றியிருக்குமோ என்று மூவருமாகச் செடி செடியாகப் புரட்டினார்கள். ஒரு புள்ளிகூட இல்லை. அம்மாடி, சஞ்சீவனிக்குப் போன உயிர் வந்தது!

"நேரத்தோட சொன்னதால தப்பிச்சீங்க. பூவுக்கு ஏறியிருந்தா அவ்வளவும் போயிருக்கும்," என்றார் அம்னா.

இரண்டு பாத்தியையும் பிடுங்கி எரிக்க வேண்டும், இனி இலையில் படாமல் அடியில் மட்டும் தண்ணீர் விட வேண்டும், எழுதித் தரும் மருந்தை அளவோடு அடிக்க வேண்டும். விதையைச் சோதித்த பிறகுதான் கையெழுத்து என்று சொல்லிவிட்டுப் போனார்.

"பேசாம இருந்திருந்தா இன்னைக்கே கையெழுத்து கெடச்சிருக்குமே தங்கச்சி," என்று செடியைப் பிடுங்கிக்கொண்டே சீண்டினார் சின்னமுத்து.

சஞ்சீவனி சிரித்தாள். "கையெழுத்து என் வீட்டுக்கு வந்திருக்கும்ண்ணே, நோய் ஒங்க வீட்டுக்கு வந்திருக்கும். வெத குடுக்குறவ நோய மறைச்சா, அது நம்பி வாங்குறவங்களுக்குச் செய்ற துரோகம்."