ஒரே ஜோடி கையுறை

பல் மருத்துவமனையின் பின்னறையில், கருவிகளைக் கொதிநீராவியில் வேகவைக்கும் இயந்திரத்தின் கதவைத் திறந்துவிட்டு, சூடு தணியக் காத்திருந்தபோது பயிற்சியாளரிடமிருந்து போன் வந்தது. சுண்டுவின் அம்மா கையிலிருந்த உறைகளைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

“அக்கா, பதற வேண்டாம்” என்று ஆரம்பித்தார் அவர். இப்படி ஆரம்பித்த யாரும் நல்ல செய்தி சொல்லி அவள் கேட்டதில்லை. “நம்ம நெட்டைக்கு நேத்துலேர்ந்து காய்ச்சல். காலைல டெஸ்ட் எடுத்தாங்க. அதுதான்னு வந்துடுச்சு.”

பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணியில் நெட்டை முதல் கோல்கீப்பர். சுண்டு இரண்டாவது. வீட்டில் வைத்த பேர் வேறு. சுண்டைக்காய் மாதிரி இருந்துகொண்டு கோலை அடைத்து நிற்கிறாளே என்று அணியில் ஒட்டிய பேர் வீடுவரை வந்துவிட்டது.

“செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரும் பயிற்சிக்கு வந்தாங்கல்ல?” என்று கேட்டாள்.

“வந்தாங்க. ஆனா கிட்டக்க நிக்கவே இல்ல அக்கா. ஒருத்தி கோல்ல நின்னா இன்னொருத்தி மைதானத்துக்கு அந்தக் கோடியில. நீங்க எழுதிக் குடுத்த விதியில ஒண்ணு விடல. பாதி நேரத்துல கையுறையை மட்டும்தான் மாத்திக்கிட்டாங்க.”

“எந்தக் கையுறை?”

“கீப்பர் கையுறைதான். நம்மகிட்ட உருப்படியா இருக்கிறது ஒரே ஜோடிதானே.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

விதிகளை எழுதியவள் அவள். பதினொரு வருடமாக அடுத்தவர் எச்சில் பட்ட கருவிகளைக் கழுவி, வேகவைத்து, உறையிலிட்டு ஒட்டுகிறவள். தொற்றுக் கட்டுப்பாடுகளுக்கு நடுவே பிள்ளைகள் விளையாட்டைத் திரும்பத் தொடங்கலாமா என்று பெற்றோர் குழு கூடியபோது, நீங்களே எழுதுங்கள் என்று எல்லாரும் அவள் பக்கம் திரும்பியது இயல்புதான். அவளும் ஒரு பக்கம் நிறைய எழுதினாள். பந்தை ஒவ்வொரு கால்மணிக்கும் துடைக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலில் பேர் இருக்க வேண்டும். மேல்சட்டையை யாரும் மாற்றிப் போடக் கூடாது. பந்தைக் கையால் தொடக் கூடாது. கோல்கீப்பர்கள் கையுறை அணிந்திருப்பதால் அவர்களுக்கு மட்டும் விலக்கு.

அந்தக் கடைசி வரியை அவள் யோசித்துக்கூட எழுதவில்லை. கையுறை என்றால் அவளுக்கு ஒருமுறை போட்டு, கழற்றி, எறிகிற சாமான். ஒரு நோயாளிக்கு ஒன்று. அழுக்கை வெளியே நிறுத்துவது. ஒரு கையுறையை ஒரு பெண் கழற்றி, ஈரத்தோடு இன்னொருத்தியிடம் கொடுப்பாள் என்பது அவள் கற்பனைக்கே வராத காட்சி.

விதிகளோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. முடிவெடுக்கும் குழுவில் ஏழு பேர். தொடங்கலாம் என்று மூவர், வேண்டாம் என்று மூவர். ஏழாவது கை அவளுடையது. தொடங்கலாம் என்று தூக்கினாள்.

வீட்டுக்குப் போன் போட்டாள். கணவர்தான் எடுத்தார்.

“சுண்டு எங்கங்க?”

“இங்கதான். எனக்கு மாத்திரை எடுத்து வெச்சுக்கிட்டிருக்கா.”

“தள்ளிப் போகச் சொல்லுங்க. அந்த மாத்திரையைத் தொடாதீங்க. நீங்க உள்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்குங்க. ஜன்னலைத் திறந்து வைங்க.”

“என்ன ஆச்சு?”

“முதல்ல போங்க, சொல்றேன்.”

நாற்காலி நகரும் சத்தமும், “நீ அங்கேயே நில்லுடா” என்பதும், கதவு சாத்துவதும் போனில் கேட்டன. அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி இரண்டு வருடமாகிறது. வந்த உறுப்பை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க, உடம்பின் எதிர்ப்பையே அடக்கி வைக்கும் மாத்திரைகளைக் காலையும் மாலையும் விழுங்க வேண்டும். சாதாரணச் சளியே அவரை ஒரு வாரம் படுக்கையில் போட்டிருக்கிறது.

இதெல்லாம் தெரிந்துதான் அவள் கையைத் தூக்கினாள். அதற்கு முந்தைய நாலு மாதத்தில் சுண்டு பேச்சைக் குறைத்து, சாப்பாட்டைக் குறைத்து, உட்கார்ந்த இடத்தில் தன் புருவ மயிரை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கியிருந்தாள். இடது புருவம் பாதி காணாமல் போனபோது கணவர் சொன்னார்: “அவளை விளையாட அனுப்பு. நான் ஒண்ணும் கண்ணாடிப் பாத்திரம் இல்ல.” அனுப்பினாள். சாப்பாடு திரும்பியது, சண்டை திரும்பியது, புருவமும் மெல்ல முளைத்தது.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது சுண்டு கூடத்தின் நடுவில், நில் என்று சொன்ன இடத்திலேயே நின்றிருந்தாள்.

“கையுறையைப் பத்திச் சொல்லு” என்றாள் அம்மா, செருப்பைக் கழற்றும்போதே.

“என்ன சொல்லணும்?”

“நெட்டை கழற்றிக் குடுத்ததும் நீ அப்படியே போட்டுக்கிட்டியா?”

“ஆமா. துப்பிட்டுப் போட்டுக்கிட்டேன்.”

“எதுக்குத் துப்பின?”

“துப்பித் தேய்ச்சாத்தாம்மா பந்து ஒட்டும். எல்லாக் கீப்பரும் துப்புவாங்க. நெட்டை துப்பினதே காஞ்சிருக்காது, நான் சும்மா கொஞ்சம்தான் துப்பினேன்.” அம்மாவின் முகத்தைப் பார்த்து அவள் குரல் இறங்கியது. “மூக்கையும் அதுலதான் துடைச்சுக்குவோம். வேற என்ன பண்றது, கை பூரா உறை இருக்கே.”

உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து கணவர் சிரிப்பது கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

உறுப்பு மாற்றுப் பிரிவின் நர்ஸ் போனில் நிதானமாகச் சொன்னார். இரண்டு பேரையும் பிரித்து வையுங்கள். நாலு மணிக்கொரு தடவை அவருக்கு வெப்பம் பாருங்கள். நூறைத் தாண்டினால் யோசிக்காமல் அழைத்து வந்துவிடுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது. சுண்டுவின் அம்மா நாளிதழ் ஓரத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். எழுதிய பிறகு பார்த்தால் எழுத்து அவளுடையது மாதிரியே இல்லை.

அந்த வீட்டில் இருப்பது ஒரு கூடம், ஓர் உள்ரூம், ஒரு குளியலறை. குளியலறைக்குக் கணவர் காலையில் முதல் ஆளாகப் போவார். சுண்டு போய்வந்த ஒவ்வொரு தடவையும் அம்மா குழாய்த் திருகிலிருந்து தாழ்ப்பாள் வரை துடைப்பாள். கட்டிட வரைபடம் வரைவது அவர் தொழில். மேசையை உள்ரூமுக்கு நகர்த்திக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். தட்டை வாசலில் வைத்துவிட்டு அவள் விலகி நிற்பாள். கதவு ஒரு சாண் திறக்கும், கை வரும், தட்டு போகும்.

“ஜெயில்ல கூட ஆளைப் பார்க்க விடுவாங்க” என்றார் ஒருநாள்.

“பேசாம சாப்பிடுங்க.”

மூன்றாம் நாள் சுண்டுவின் பரிசோதனை முடிவு வந்தது. அவளுக்கும் தொற்று இருந்தது.

ஆனால் அவளுக்கு எதுவும் செய்யவில்லை. தும்மல்கூட இல்லை. கூடத்துச் சுவரில் பந்தை எறிந்து பிடித்துக்கொண்டிருந்தவள், முடிவைக் கேட்டதும் பந்தைக் கீழே வைத்துவிட்டாள். அன்று முழுக்க ஜன்னலோரத்திலேயே இருந்தாள். மாலையில் மெதுவாகக் கேட்டாள்.

“அம்மா, அப்பா செத்துப் போயிட்டா அது என்னாலயா?”

“உளறாத.”

“உளறல. கேட்கிறேன்.”

அம்மா கையிலிருந்த துடைக்கும் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். “விதி எழுதினது நான்டி” என்றாள். “உன்னால இல்ல.”

ஐந்தாம் நாள் மாலை ஆறு மணிக்குக் கணவர் உள்ளிருந்து வெப்பமானியைப் படித்தார். “தொண்ணூத்தொன்பது புள்ளி ஏழு.”

அதுவரை ஒருதடவைகூடத் தொண்ணூற்றெட்டைத் தாண்டியதில்லை. அவள் நர்ஸைக் கூப்பிட்டாள். அரைமணி கழித்து மறுபடி பாருங்கள், வண்டியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் நர்ஸ். பக்கத்துத் தெரு டாக்ஸிக்காரரிடம் சொல்லிவைத்தாள். கணவருடைய ஆஸ்பத்திரிக் கோப்பு, இரண்டு சட்டை, மாத்திரை எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது பயிற்சியாளர் மறுபடி அழைத்தார்.

“அக்கா, பயிற்சியைத் தொடரலாமா வேண்டாமான்னு ராத்திரிக்குள்ள குழு முடிவு சொல்லியாகணும். மறுபடியும் மூணுக்கு மூணு. புதுசா ஒரு ஜோடி கையுறை வாங்கிட்டோம். இனிமே ஆளுக்கொண்ணு. ஓட்டை அடைச்சாச்சு.”

“இவருக்குச் சூடு ஏறுது தம்பி.”

அவர் நல்ல மனுஷர். பிள்ளைகளுக்காகச் சம்பளமில்லாமல் வெயிலில் நிற்கிறவர். “ஐயோ, பார்த்துக்குங்க அக்கா. நீங்க இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம், ஏழு மணிக்குச் சொன்னாப் போதும். ஒண்ணு மட்டும். கையுறை விஷயத்தைக் குழுவுல போட வேண்டாம். தெரிஞ்சா ஒரேயடியா மூடிடுவாங்க. உங்க பேரும் எதுக்கு அடிபடணும். பதினெட்டுப் பிள்ளைங்க அக்கா. வீட்டுல அடைஞ்சு கிடந்து என்ன ஆனாங்கன்னு உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, கையுறையை மறைக்கச் சொன்னதைத் தவிர.

உள்ரூமிலிருந்து கணவர் பேசினார். கதவு மெல்லியது, எல்லாம் கேட்டிருக்கிறது. “நிறுத்தாதேன்னு சொல்லிடு. நான் சரியானதும் கொஞ்ச மாசம் எங்க அக்கா வீட்டுல போய் இருந்துக்கிறேன். என்னால நின்னுச்சுன்னு பிள்ளைங்க பேசக் கூடாது.”

“அம்மா” என்றாள் சுண்டு ஜன்னலோரத்திலிருந்து. “நான் இனிமே போகல. ஆனா அவங்களை நிறுத்தச் சொல்லாத.”

இரண்டு பக்கமும் பார்த்தாள். இவர்கள் இரண்டு பேருக்கும் எப்படி இவ்வளவு தைரியம் வந்தது என்று இருந்தது. அவளிடம் ஒரு துளி இல்லை.

ஓட்டை அடைத்தாயிற்று என்கிறார். அடைத்தது தெரிந்த ஓட்டை. கையுறையை விட்டவள் வேறு எதை விட்டிருக்கிறாளோ, அதை எந்த வீட்டுக் காய்ச்சல் வந்து சொல்லுமோ. பிள்ளைகளின் நெற்றியில் வெப்பமானி வைக்கச் சொல்லி எழுதியவள், அவர்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வரி கேட்கவில்லை. பதினெட்டு வீட்டில் எத்தனை சாத்திய கதவோ. தன் வீட்டில் ஒன்று இருந்தும் கேட்கத் தோன்றவில்லை.

போனை எடுத்து, பெற்றோர் எல்லாரும் இருக்கும் வாட்ஸாப் குழுவில் எழுதினாள். மூன்று தடவை தப்பாக அடித்து, அழித்து, திரும்ப எழுதினாள்.

“கோல்கீப்பர்கள் ஒரே கையுறையை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அதில் எச்சில் துப்புவது அவர்கள் வழக்கம். விதியில் அதைக் கவனிக்காமல் விட்டவள் நான். என் மகளுக்கு வந்துவிட்டது. அவள் அப்பாவுக்கு வெப்பம் ஏறுகிறது. அவர் உறுப்பு மாற்றிக்கொண்டவர். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் இன்றே தள்ளி இருக்கச் சொல்லுங்கள். விளையாட்டை நிறுத்த வேண்டும் என்பது என் ஓட்டு. எனக்குப் பயமாக இருக்கிறது.”

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று விரலை வைத்துக்கொண்டு யோசித்தாள். எடுக்காமலே அனுப்பினாள்.

“போட்டுட்டியா?” என்றாள் சுண்டு.

“போட்டுட்டேன்.”

“நிறுத்தச் சொல்லியா?”

“ஆமா.”

சுண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

ஆறரைக்கு உள்ளே வெப்பமானி கூவியது.

“எவ்வளவுங்க?”

“இரு.”

“எவ்வளவுன்னு சொல்லுங்களேன்.”

“மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கிட்டிருக்கேன், இரு.”

சுண்டு எழுந்து வந்து, கதவுக்கு ஐந்தடி தள்ளி, அப்பா வழக்கமாக நிற்கச் சொல்லும் தூரத்தில் நின்றாள். அம்மா கதவுப் பலகையில் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

“தொண்ணூத்தொன்பது புள்ளி மூணு” என்றார்.

“குறைஞ்சிருக்கா?” என்றாள் சுண்டு. “அம்மா, குறைஞ்சிருக்குல்ல?”

“நாலு பாயின்ட்.”

“அப்போ நிறுத்த வேண்டாம்னு மறுபடி மாத்திப் போடேன். இன்னும் ஏழு மணி ஆகலையே.”

அம்மா போனைப் பார்த்தாள். செய்தியைப் பன்னிரண்டு பேர் படித்திருந்தார்கள். ஒருவரும் பதில் போடவில்லை. ஒரு தாய் மட்டும் ஏதோ எழுதுவதும் நிறுத்துவதுமாக இருந்தாள்.

“மாத்த மாட்டேன்டி” என்றாள்.

டாக்ஸிக்காரருக்குப் போன் செய்து, போய்விட வேண்டாம், இன்னொரு மணிநேரம் காத்திருங்கள் என்றாள். பிறகு கட்டிவைத்த பையைக் கதவோரமாக நகர்த்தி வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.